மந்திரியின் வயிறு

கனிஷாய் எங்கள் வீட்டுச் சன்னலைத் தட்டியபோது நான் ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம், பள்ளிக்கூடம் விடுமுறை. எங்கள் இருவருக்கும் பதினோரு வயது.

"மந்திரிய அறுக்கப் போறாங்க," என்றாள்.

ரொட்டி தேநீருக்குள் விழுந்துவிட்டது.

மந்திரி என்பது ஒரு குதிரை. கனிஷாயின் அப்பா எர்மெக் எங்கள் கராகோல் ஊரில் கால்நடை மருத்துவராக இருந்தார். மலை மேலே மேய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போகும்போது அவர் ஏறிப் போனது அந்தக் குதிரையில்தான். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வேலை என்றால் நொண்டும், தீனி என்றால் பறக்கும். அதனால்தான் அவர் அதற்கு அப்படிப் பெயர் வைத்தார். அது போதாதென்று தொப்பி தின்கிற பழக்கம் வேறு. கம்பளித் தொப்பி போட்டவர்கள் யாரும் அதன் பக்கத்தில் அசந்து நிற்க முடியாது.

எர்மெக் மாமா போன வருடம் திடீரென்று மார்பு வலித்து இறந்துபோனார். அடக்கத்தின் போது நானும் போயிருந்தேன். ஆண்களெல்லாம் வரிசையாக நின்று தொழுதுகொண்டிருந்தார்கள். ஒரே அமைதி. யாரோ மந்திரியை வேலியோரம் கட்டியிருந்தார்கள். அது கழுத்தை நீட்டி, முன்னால் நின்ற கனிஷாயின் பெரியப்பா துருஸ்பெக்கின் தொப்பியை மெதுவாகக் கழற்றி, மெல்ல ஆரம்பித்தது. கனிஷாய் சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பு இல்லை, களுக்கென்று ஊரே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

"அப்பன் போயிட்டான், இது சிரிக்குது பாரு," என்றாள் ஒரு கிழவி.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு பதினோரு மாதமாக அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வகுப்பில் என் பக்கத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி உட்கார்ந்திருப்பாள். நான் எத்தனையோ குரங்குச் சேட்டை செய்து பார்த்தேன். "நல்லா இருக்கு மர்ஸியா," என்பாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

இறந்தவருக்கு ஒரு வருடம் முடிந்ததும் ஊரைக் கூட்டி விருந்து வைப்பார்கள் கிர்கிஸ்காரர்கள். அதற்கு அவர் ஏறின குதிரையையே அறுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். நாங்கள் துங்கான்கள், சீன வழி வந்த முஸ்லிம்கள், எங்களுக்கு அது இல்லை. எர்மெக் மாமாவின் அண்ணன் துருஸ்பெக்தான் விருந்துக்குப் பொறுப்பு. அவர் முற்றத்தில் நின்று போனில் பேசியதைக் கனிஷாய் கேட்டிருக்கிறாள். "வேற குதிரை எதுக்கு? அந்த மந்திரியவே அறுத்துடலாம். எனக்கு அத பாக்கவே புடிக்கல," என்றாராம்.

"உங்க அம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மா எதுக்குமே ஒண்ணும் சொல்றதில்லையே. தலையாட்டுவாங்க."

"அப்ப ஒளிச்சு வச்சிடலாம்," என்றேன்.

குதிரையை ஒளித்து வைப்பது கோழியை ஒளித்து வைப்பது போல இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது வேறொன்று. மறுநாள் ஞாயிறு, மாட்டுச் சந்தை. விடிந்ததும் ஊரில் பாதிப் பேர் கையில் ஏதாவது ஒரு பிராணியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நம்மை யார் கவனிக்கப் போகிறார்கள்?

அப்படியே செய்தோம். அப்பாவின் கறுப்பு ஷூ பாலீஷை எடுத்துப் போய் மந்திரியின் வெள்ளைச் சுட்டியில் தேய்த்து மறைத்தேன். பாதி டப்பா தீர்ந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் எங்களை நிறுத்தினார்.

"ஏ புள்ளைங்களா, விக்கவா கொண்டு போறீங்க?"

"இல்லண்ணே, வாங்கிட்டு வர்றோம்," என்றாள் கனிஷாய், கண்ணிமைக்காமல்.

அவர் மந்திரியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடியும் பல்லைப் பார்த்தார். "வீட்டுல பெரியவங்க யாரும் கூட வரலயா? அய்யோ பாவம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அப்பாவும் அம்மாவும் சந்தையில் அஷ்லான்ஃபு கடை வைத்திருந்தார்கள். கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவி, பாலைத் தெளியவைத்துக் காய்ச்சி ஆறவிட்டால் வெள்ளையாக வழவழவென்று கூழ்க்கட்டி நிற்கும். அதைச் சீவி நூடுல்ஸோடு கிண்ணத்தில் போட்டு, காடியும் மிளகாயும் கலந்த குளிர்ந்த சாற்றை ஊற்றினால் அஷ்லான்ஃபு. அந்த மாவுப்பால் தெளிகிற தொட்டிகள் அந்தக் கொட்டகையில்தான் இருந்தன. எனக்கு அது தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அன்று நான் யோசித்தது குதிரை கதவுக்குள் நுழையுமா என்பதை மட்டும்தான்.

நுழைந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் முட்டை பொரித்துச் சாப்பிட்டோம். விடியலில் எழுந்த களைப்பு, அப்படியே தூங்கிவிட்டோம்.

எழுந்து போய்ப் பார்த்தபோது மந்திரியின் முகம் காது வரைக்கும் வெள்ளையாக இருந்தது. மூன்று தொட்டியும் வழித்து நக்கியது போலக் காலி. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அப்பாவின் முகம் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. கனிஷாய் தொட்டியைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தது குதிரையை. அது தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, முன்காலால் தரையைக் கீறியது, முட்டியை மடக்கிப் படுக்கப் பார்த்தது.

"படுக்க விடாத! மர்ஸியா, கயித்தப் புடி!" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. குதிரையின் விலாவில் காதை வைத்தாள். "அப்பா இப்படித்தான் கேப்பாரு. வயிறு கடகடன்னு பேசினா பயமில்ல. பேசலன்னாதான் ஆபத்து."

"பேசுதா?"

அவள் இந்தப் பக்கம் கேட்டாள், அந்தப் பக்கம் போய்க் கேட்டாள். "ஒண்ணுமே கேக்கல," என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "புது டாக்டர் மலைக்குப் போயிருக்காரு. நீ போய்ப் பெரியப்பாவக் கூப்பிடு."

"அடியே, அவருதானே அறுக்கப் போறாரு!"

"அவருக்குத்தான் குதிரையப் பத்தித் தெரியும். ஓடு."

ஓடினேன். துருஸ்பெக் பெரியப்பா லாரி ஓட்டுகிறவர், ஆளும் லாரி மாதிரிதான், குரல் அதன் ஹாரன் மாதிரி. நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னதில் அவருக்கு "குதிரை, வயிறு, மாவு, கனிஷாய்" என்ற நாலு வார்த்தைதான் புரிந்திருக்க வேண்டும். சமையலறைக்குப் போய்ச் சூரியகாந்தி எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார்.

கொட்டகையில் பாலீஷும் மாவும் வியர்வையும் கலந்து வழிந்த ஒரு முகம் அவரைப் பார்த்தது.

"இது யாரு?" என்றார்.

"மந்திரி," என்றாள் கனிஷாய்.

திட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து, கடைவாயோரமாக எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பாதி உள்ளே போனது, மீதி அவர் சட்டையில். "வா, நடத்தணும். நிக்கவே விடக் கூடாது," என்றார்.

நடந்தோம். எங்கள் தெரு முனை வரை, அங்கிருந்து மரப் பள்ளிவாசலைச் சுற்றி, பாப்லார் மரங்களுக்குக் கீழே திரும்பவும் எங்கள் தெரு. பெரியப்பா கயிற்றைப் பிடித்து முன்னால், கனிஷாய் விலாவில் கை வைத்தபடி பக்கத்தில், நான் எண்ணெய் பாட்டிலோடு பின்னால். முதல் சுற்றில் யாரும் இல்லை. மூன்றாவது சுற்றில் எங்களுக்குப் பின்னால் பதினைந்து பேர் வந்தார்கள். ஒருத்தி வோட்கா ஊற்றச் சொன்னாள். ஒருவர் வாலைப் பிடித்து இழுக்கச் சொன்னார். "எதுக்கு ரெண்டு வேலை? வோட்காவ நீங்க குடிங்க, வால நான் இழுக்கறேன்," என்றார் இன்னொருவர். பெரியப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், எல்லோரும் பத்தடி பின்வாங்கினார்கள்.

ஐந்தாவது சுற்றில் கனிஷாய் கேட்டாள்.

"பெரியப்பா, நீங்கதான் இத அறுக்கப் போறீங்களே. அப்புறம் எதுக்குக் காப்பாத்துறீங்க?"

அவர் நடையை நிறுத்தவில்லை.

"உனக்குத் தெரியாதும்மா," என்றார். அந்த ஹாரன் குரல் எங்கே போயிற்று என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இது அவுத்துக்கிட்டு நேரா என் வாசலுக்கு வருது. வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு நாள். உங்கப்பன் வேலை முடிஞ்சு வந்தா முதல்ல என் வீட்டுலதான் டீ குடிப்பான் இல்ல? அதே குளம்புச் சத்தம். எர்மெக் வந்துட்டான்னு ஓடிப் போயி கதவத் தொறப்பேன். முதுகு காலியா இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஓடுறேன். தெரிஞ்சுக்கிட்டே ஓடுறேன். எத்தன தடவ தாங்குறது, சொல்லு?"

கனிஷாய் குதிரையின் விலாவிலிருந்த கையை எடுத்து, அவருடைய எண்ணெய்ச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அன்னிக்கு சிரிச்சிட்டேன் பெரியப்பா," என்றாள் திடீரென்று. "அப்பாவ அடக்கம் பண்றப்ப. எல்லாரும் பாத்தாங்க."

"அதையா இன்னும் மனசுல வச்சிட்டிருக்க?"

"ம்."

"ஏ புள்ள, எனக்கு மட்டும் சிரிப்பு வரலன்னு நெனச்சியா? என் தொப்பிய என் பின்னாலயே நின்னு தின்னுது! நான் வாயப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சேன், தோள் ரெண்டும் குலுங்குது. 'அண்ணன் எப்படி அழறான் பாரு'ன்னு நாலு பேரு வந்து கட்டிப் புடிச்சாங்க. உங்கப்பன் மட்டும் அங்க நின்னுருந்தான்னா எங்க ரெண்டு பேர விடவும் சத்தமா சிரிச்சிருப்பான்."

கனிஷாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். தூரத்தில் மலைப்பாதையில் கல் உருளுகிற மாதிரி, மந்திரியின் வயிற்றுக்குள். நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம். பின்னால் வந்த கூட்டமும் நின்றது. கனிஷாய் காதை வைத்தாள்.

"பேசுது," என்றாள். "பேசுது! பேசுது!"

மந்திரி வாலைத் தூக்கியது. முதலில் ஒரு காற்று விட்டது பாருங்கள், பள்ளிவாசல் புறாக்கள் மொத்தமும் பறந்துவிட்டன. பிறகு தெரு நடுவில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் பார்க்க, பொதபொதவென்று லத்தி போட்டது. எங்கள் மூன்று தொட்டி மாவும் அதில் இருந்திருக்கும். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். வோட்கா யோசனை சொன்னவள் என்னைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். துருஸ்பெக் பெரியப்பா அந்தக் குவியலைத் தங்கப் புதையல் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கனிஷாய் சிரித்தாள். களுக்கென்று அதே சிரிப்பு. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்பா, அப்பா," என்று அழுதாள். பெரியப்பா தெருவிலேயே உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு ஹாரன் குரலில் சேர்ந்து அழுதார். நானும் அழுதேன். எதற்கென்று கேட்டால், எல்லாவற்றுக்கும் சேர்த்து. மந்திரி மட்டும் யாரையும் கண்டுகொள்ளாமல் வேலியோரத்துப் புல்லை முகர்ந்துகொண்டிருந்தது.

பெரியப்பாவின் போன் அடித்தது. விருந்து ஏற்பாட்டைப் பற்றி யாரோ உறவுக்காரர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்தார்.

"குதிரை கிடையாது. மாடு... ஆமா, மாடுதான்... வழக்கமா? எவனாவது கேட்டா என்கிட்ட அனுப்பு, நான் பதில் சொல்லிக்கிறேன்." வைத்துவிட்டுக் கனிஷாயைப் பார்த்தார். "வாசலுக்கு வந்தா வரட்டும். வந்தா ரெண்டு ரொட்டி போட்டு அனுப்பறேன்."

இன்னொரு கண்டம் பாக்கி இருந்தது. என் அப்பா. பெரியப்பாவே எங்களோடு சந்தைக் கடைக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, தன் மேல் பாதிக் குற்றத்தைப் போட்டுக்கொண்டார். அப்பா தோளில் துண்டோடு கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மூணு தொட்டியுமா?"

"மூணும்."

"காடி, மிளகாய் எதுவும் இல்லாம வெறும் மாவையா?" அப்பா தலையை ஆட்டினார். "அதான் வயித்த வலிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு மூன்று கிண்ணம் ஊற்றினார். எனக்குத் தண்டனை இருந்தது. கோடை முழுக்கத் தொட்டி கழுவ வேண்டும்.

பாதி கிண்ணத்தில் இருக்கும்போது கனிஷாயின் அம்மா குல்சுன் அத்தை சந்தைக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். தலைமுக்காடு ஒரு பக்கம் தொங்கியது. வழியில் ஊர் அவரிடம் ஐந்து விதமாகச் சொல்லியிருந்தது. மகள் குதிரை திருடினாள், மகளைக் குதிரை உதைத்தது, மைத்துனர் நடுத்தெருவில் மயங்கி விழுந்தார், இன்னும் என்னென்னவோ. மகள் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அம்மா, மந்திரிய அறுக்கலயாம்," என்றாள் கனிஷாய், வாய் நிறைய.

குல்சுன் அத்தை தலையாட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் அறுக்க இஷ்டமில்லடி," என்றார். "சொல்லத்தான் தெம்பில்லாமப் போச்சு." பிறகு அழுக்கும் எண்ணெயும் அப்பிய மகளின் தலையை இழுத்துத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்தார். "அண்ணே, எனக்கும் ஒரு கிண்ணம் குடுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. மிளகாய் கொஞ்சம் தூக்கலாவே போடுங்க."