புது மாடல் வரட்டும்

திகன டவுனிலுள்ள கடையில் அந்த லெப்டொப்பை ஷஹ்மா மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். வீட்டிலிருக்கும் பழசு, கெம்பஸ் பாடம் நடக்கும்போதே செத்துச் செத்துப் பிழைக்கிறது. இன்றைக்கு எடுத்தே தீருவது என்றுதான் வந்திருந்தாள்.

அந்நேரம் பார்த்துக் கட்டாரிலிருந்து வாப்பா பேசினார்.

"இப்ப வாங்காதீங்க மகள். புது மாடல் வரப்போகுதாம். நான் வாற நேரம் கொண்டு வாறேன்."

போன வருசமும் இதையேதான் சொன்னார், அதற்கு முந்தின வருசமும். புது மாடல்கள் மட்டும் தவறாமல் கடைகளுக்கு வந்து சேர்ந்தன, வாப்பா வரவில்லை. போனை வைத்தபோது ஷஹ்மாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"எடுக்கிறீங்களா தங்கச்சி?" என்றார் கடைக்காரர்.

இதை வாங்கிவிட்டால், வருகிறேன் என்று சொல்வதற்குக்கூட வாப்பாவிடம் ஒரு காரணம் மிச்சமிருக்காது.

"இல்ல நானா," என்று கையை எடுத்தாள். "புது மாடல் வரட்டும்."