சாப்பிடக் கூடாத கேக்

இணையத்தில் அவளுக்கு இனிப்பம்மா என்று பெயர். வாரம் ஒரு வீடியோ போடுவாள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மாவு கலக்குவதும் முட்டை அடிப்பதும் உலகத்திலேயே சுலபமான காரியம் என்பதுபோலச் சிரித்துச் சிரித்துச் செய்து காட்டுவாள். பார்க்கிற தாய்மார்கள், தங்களுக்கு ஏன் இந்தப் பொறுமை வரமாட்டேன் என்கிறது என்று கீழே எழுதி, கூடவே அழுகிற பொம்மை முகம் ஒன்றையும் போடுவார்கள். அன்பு இருந்தால் பொறுமை தானாக வரும் என்று இனிப்பம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைப் போடுவாள்.

அன்பு இருந்தது, இல்லையென்று சொன்னால் பாவம். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. கேமரா ஓடாத நேரத்தில் பிள்ளைகள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் வீடு இரண்டாகிவிடும். பத்து வயது மகனுக்கு நகத்தில் எந்நேரமும் அழுக்கு. அதனால் பிள்ளையின் கை மட்டும் தெரிகிற இடங்களுக்கு எதிர் வீட்டுச் சிறுமியைக் கூப்பிட்டு அவள் கையை இரவல் வாங்கிக்கொள்வாள். மகனுக்கு அதில் வருத்தமே இல்லை. தன் வேலையைச் செய்ய ஆள் கிடைத்ததென்று பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஆறு வயது மகள்தான் பாவம். படம் எடுத்து முடிந்ததும் தனக்கு ஒரு கேக் கிடைக்கும் என்று ஒவ்வொரு வாரமும் நம்புவாள். கேக்கை எப்படிச் சாப்பிடுவது என்று அவளுக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்: வாய்வரை கொண்டுபோக வேண்டும், கண்ணை மூட வேண்டும், "ம்ம்ம்" என்று சொல்ல வேண்டும், அப்படியே கீழே வைத்துவிட வேண்டும். குழந்தை அச்சுப் பிசகாமல் செய்வாள். அதன் பிறகு தட்டு நேராகக் குப்பைக் கூடைக்குப் போகும். "படத்துக்கு வெச்ச கேக்கைச் சாப்பிடக் கூடாதுடா கண்ணு" என்பதற்குமேல் யாரும் அவளுக்கு விளக்கம் சொன்னதில்லை. சொன்னால் பள்ளிக்கூடத்தில் போய் ஊதிவிடுவாள்.

ஏனென்றால் கேக்கின் மேல் இருந்தது ஷேவிங் ஃபோம். நிஜமான கிரீம் அந்த விளக்குச் சூட்டில் நிற்பதில்லை. பூவாகப் பிழிந்தால், கேமராவைத் திருப்புவதற்குள் வழிந்து தட்டுக்கு வந்துவிடும். ஃபோம் அப்படியில்லை. மணிக்கணக்காக விறைத்துக்கொண்டு நிற்கும், சாயமும் நன்றாகப் பிடிக்கும். அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவருடைய ஃபோமெல்லாம் பூவும் மொட்டுமாகப் போய்விட்டதால் சில நாட்களாக முகத்தில் தாடி. ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குகிறவர்கள், பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும் இன்னும் நடுங்கினார்கள்.

இந்த வாரம் சாதாரண வாரம் இல்லை. ஒரு கிரீம் கம்பெனி இனிப்பம்மாவைத் தங்கள் முகமாக ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே இவள் முடிவெடுத்துவிட்டாள். பல் டாக்டரிடம் பார்த்துவந்த வரவேற்பு வேலையை விட்டாள், விட்டதைச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியும்விட்டாள். ஒப்பந்தம் கைநழுவினால் மறுபடியும் அதே டாக்டர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்களின் அலறலை இனி ஒரு நாள்கூடக் கேட்க முடியாது என்று அவள் கடவுள்மேல் சத்தியம் செய்திருந்தாள்.

வசந்த விடுமுறைக்கான சிறப்பு வீடியோ அது. கப் கேக்கின் மேல் பச்சைப் புல், புல்லின் மேல் மஞ்சள் கோழிக்குஞ்சு, சுற்றிலும் சின்னச் சின்னப் பூக்கள். அதைக் கம்பெனி மேலாளரே நேரில் வந்து பார்க்கப்போவதாகச் சொல்லியிருந்தார். இனிப்பம்மா கணக்காகத் திட்டம் போட்டிருந்தாள்: படத்துக்கு ஃபோம் கேக், அவருக்குச் சாப்பிடக் கம்பெனி அனுப்பிய கிரீமிலேயே தனியாக ஒரு தட்டு. காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் கிரீம் டப்பா துடைத்து வைத்ததுபோல் இருந்தது. முந்தின நாள் பசியோடு வந்த வீட்டுக்காரர் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டிருக்கிறார், மகனும் சேர்ந்து ஒரு கை பார்த்திருக்கிறான். நன்றாகத்தான் இருந்தது என்று வேறு சொன்னார். விடுமுறை என்பதால் கடையெல்லாம் பூட்டிக் கிடந்தது. அவரைத் திட்டித் தீர்க்கக்கூட நேரமில்லை. பேசிச் சமாளித்துக்கொள்ளலாம், சாப்பிடுகிற பேச்சே வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டு ஃபோமைப் பிழிய உட்கார்ந்தாள்.

மேலாளர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். இருபது வருடமாகக் கிரீமிலேயே ஊறியவர். உடம்பைப் பார்த்தாலே தெரிந்தது. தன் நாக்கைப் பற்றி, அது ஏதோ குடும்பத்தில் பட்டம் வாங்கிய பிள்ளை என்பதுபோலப் பெருமையாகப் பேசினார். எந்தக் கம்பெனிக் கிரீமாக இருந்தாலும் நுனி நாக்கில் வைத்ததும் சொல்லிவிடுவாராம். சொல்லிக்கொண்டே மேசைக்கு வந்தார், விளக்கு வெளிச்சத்தில் பளபளத்த கோழிக்குஞ்சுகளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார். இனிப்பம்மா காபி கொண்டுவருவதாகச் சொல்லி வாயை மூடவில்லை, அதற்குள் ஒரு கேக்கை எடுத்துப் பாதியைக் கடித்துவிட்டார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். அவள் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றாள்.

மேலாளர் மென்றார். கண்ணை மூடினார். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். பிறகு கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"நம்ம கிரீம்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிடுவேன். லேசா ஒரு புதினா வாசனை வருதே, புது ரகத்தை உங்களுக்கு அனுப்பிட்டாங்களா?"

கேமராவுக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரர் இருமிக்கொண்டே பால்கனிக்கு ஓடினார். இனிப்பம்மா, ஆமாம், புது ரகம்தான் என்றாள். தன்னிடம் சொல்லாமல் புது ரகம் செய்துவிட்டார்களே என்று மேலாளருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றிருக்க வேண்டும். அதைக் காட்டிக்கொள்ளாமல், புதினா சேர்க்கச் சொன்னதே தான்தான் என்று ஒரே போடாகப் போட்டார். இப்படி இரண்டு பொய்யும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொண்டதில் அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. மீதிப் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு, வரும்போதே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்ததும் படப்பிடிப்பு தொடங்கியது. இரவல் கை வந்து பூ பிழிந்துவிட்டுப் போயிற்று. கடைசிக் காட்சியில் மகள் கேக்கை எடுத்தாள், வாய்வரை கொண்டுபோனாள், கண்ணை மூடினாள், "ம்ம்ம்" என்று சொல்லிக் கீழே வைத்தாள். எப்போதும்போல ஒரு குறை கிடையாது. மேலாளர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இது சரிவராது. எங்க முதலாளிக்கு நடிப்புன்னா பிடிக்காது. பாப்பா நிஜமாவே கடிச்சுச் சாப்பிடணும். வாயைச் சுத்தி கிரீம் ஒட்டணும். அது வந்துட்டா, இப்பவே கையெழுத்துப் போட்டுடலாம்."

குழந்தை கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு வந்த சந்தோஷத்தில் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அம்மா, இன்னிக்கு நிஜமாவே சாப்பிடலாமா?"

எத்தனை வாரமாக இந்தப் பிள்ளை காத்திருந்தது என்பது இனிப்பம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்வது, வேண்டாம் என்றால் மேலாளர் ஏன் என்பார். உண்மையைச் சொன்னால், ஷேவிங் ஃபோமைத் தங்கள் கிரீம் என்று சாதித்த மனிதர் அவளை மன்னிக்கவே மாட்டார். அவள் பதிலுக்குக் காத்திராமல் மகள் வாயைத் திறந்தாள். கேக் உதட்டைத் தொடப்போன நேரத்தில் இனிப்பம்மா பாய்ந்து அதைப் பிடுங்கித் தன் வாயில் முழுசாகப் போட்டுக்கொண்டாள்.

சோப்பு நாக்கை அறுத்தது. புதினா மூக்கில் ஏறியது. குமட்டி வந்ததை அடக்கி, கண்ணில் நீர் கோக்கக் கோக்க மென்று விழுங்கி, மூக்கு நுனியில் மஞ்சள் நுரையோடு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் வாழ்க்கையில் பொய் கலக்காமல் செய்த அம்மா வேலை அந்த ஒன்றுதான், அதையும் நடிப்பாகவே செய்ய வேண்டியிருந்தது. மகள் ஒரு நொடி வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு வீடு அதிர அழ ஆரம்பித்தாள்.

எல்லாம் போச்சு என்று இனிப்பம்மா நினைத்தபோது மேலாளர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட விட மனசு வராத கிரீம் என்றார். அதையே திரும்பத் திரும்ப நாலு விதமாகச் சொல்லிப் பார்த்து, தானே ரசித்தார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"சார், பாப்பா அழுகை பதிவாச்சா?"

ஆகியிருந்தது. மேலாளர் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, ஓரத்தில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: வருடம் முழுக்க எல்லா வீடியோவும் இப்படியே முடிய வேண்டும், அம்மா பிடுங்கித் தின்ன வேண்டும், பிள்ளை அழ வேண்டும். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். இனிப்பம்மாவும் அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். வாயில் இன்னும் சோப்பு கரித்தது. கையெழுத்துப் போட்டாள்.

மேலாளர் போனதும் மகளை மடியில் இழுத்துப்போட்டுக் கொஞ்சினாள், கடை திறந்ததும் பெரிய கேக்காக வாங்கித் தருவதாகச் சொன்னாள். குழந்தை தேம்பலை நிறுத்திக்கொண்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். கேக்கைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

"அம்மா, அடுத்த வாரம் எப்ப அழ ஆரம்பிக்கணும்? நீங்க பிடுங்குறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"