சுரண்டிய இடம்

துபாஷி தாமோதரனின் வீட்டு வாசலில் எல்லா வியாபாரியும் செருப்பைக் கழற்றிவிட முடியாது. பேர் பெற்ற முத்திரை உள்ளவனுக்குத்தான் அங்கே இடம். பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர்களிடம் மொழிபெயர்த்து வழக்குப் பேசிக் கொடுக்கும் துபாஷிகள் பலர் இருந்தார்கள். முத்திரை வழக்கு மட்டும் பேசுகிறவர் தாமோதரன் ஒருவர்தான். அவரிடம் வேலை பார்த்தான் தருமலிங்கம். கள்ள முத்திரையைக் கண்டுபிடித்துச் சொல்வது அவன் வேலை.

அதை அவன் ருசித்துச் செய்தான். சாயவேரில் சிவந்த துணி இங்கிருந்து கப்பலேறி மலாக்கா போகிறது. அங்கே வாங்குகிறவளுக்குத் தமிழும் தெரியாது, டச்சும் தெரியாது. துணி ஓரத்திலிருக்கும் படத்தைப் பார்த்து, போன தடவை சாயம் போகாத துணி இதுதான் என்று எடுப்பாள். ஆகவே அந்தப் படம்தான் வியாபாரியின் வாக்கு. அந்தப் படத்தை அடிக்கும் மர அச்சில், வெட்டியவனின் கை தெரியும். ஒருவன் உளி இடப்பக்கம் சாயும், இன்னொருவன் கோட்டு முனையில் அழுத்துவான். கோட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தே தருமலிங்கம் ஆளைச் சொல்லிவிடுவான். பிடிபட்ட கள்ள அச்சைச் சுரண்டி அழிக்க அவன் இடுப்பிலும் ஒரு உளி உண்டு. பழைய உளி, வெட்டும் வாயில் ஒரு பொக்கை.

மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்துக்குத் தாமோதரன் போகச் சொன்ன அன்றுதான் அந்த ருசி கசந்தது.

லோகநாதன் என்ற துணி வியாபாரியின் முத்திரை, தலைமாறிப் படுத்த இரட்டை மீன். கோட்டைக்குப்பத்தில் தம்பிகளை வைத்து வலை நடத்தும் அங்காளம்மாளின் மிதப்புக்கட்டைகளிலும் அதே இரட்டை மீன்.

"ஐயா, அந்தம்மா துணி விக்கலியே," என்றான் தருமலிங்கம்.

தாமோதரன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார். "சின்ன முத்திரைக்குத்தான்டா அந்த நியாயம். பெரிய முத்திரை எதுமேல இருந்தாலும் சொந்தக்காரனுதுதான். கருவாட்டுக்காரி கட்டையில அதைப் பாத்தவன், துணியை மோந்து பாத்துட்டுத்தான் வாங்குவான். கோட்டையில உத்தரவு ஆயிடுச்சு. போய்ச் சுரண்டிட்டு வா."

கோட்டைச் சிப்பாய் ஒருவனோடு அவன் போய் நின்றபோது அங்காளம்மாள் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டும் கை நிற்கவில்லை.

"இன்னாய்யா, கட்டைல கீற மீனுக்கு மட்டுந்தான் உத்தரவா? ஏரில கீற மீனுக்கும் வாங்கிட்டீங்களா?"

பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"வேற அடையாளம் போட்டுக்கலாமேம்மா."

"நண்டு போட்டா முனியம்மா வூட்டுது. சங்கு போட்டா தசரதன் வூட்டுது. புதுசு போடணும்னா ஊரு கூடி ஒத்துக்கணும், எல்லாக் குப்பத்துக்கும் சொல்லி அனுப்பணும். அதுவரைக்கும் என் வலை மொட்டையா கெடக்கும். மொட்டைனா இன்னானு தெரியுமா ஒனக்கு?"

அவனுக்குத் தெரியாது. அவளே சொன்னாள். மிதப்புக்கட்டை கல்யாண முருங்கை மரத்தில் செய்வது. இலேசான மரம், அதனால்தான் வலையைத் தூக்கிப் பிடிக்கிறது. காற்று முறுக்கிக் கயிறு அறுந்தால், வலையையும் இழுத்துக்கொண்டு எங்கோ போய்க் கரையேறுவதும் அதனால்தான். கட்டையில் சூடு போட்ட அடையாளம் இருந்தால், எடுத்தவன் அந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மொட்டை. மொட்டை என்றால் கடல் கொடுத்தது, எடுத்தவனுக்கே சொந்தம். குப்பங்களுக்குள் வெட்டுக்குத்து இல்லாமல் காத்தது இந்த ஒரு வழக்கம்தான்.

கேட்டுக்கொண்டுதான் தருமலிங்கம் சுரண்டினான். கருகிய மீன்கள் தூளாக உதிர்ந்து விரல் இடுக்கில் ஒட்டின. ஏரியில் கழுவியும் கறுப்புப் போகவில்லை.

புது அடையாளத்துக்கு ஊர் கூடுமுன் வாடைக்காற்று அடித்தது. அங்காளம்மாளின் வலைகள் அறுந்து முகத்துவாரத்தில் கரையேறின. எடுத்துக்கொண்டவர்கள், அங்கே லோகநாதனுக்கு வலை போடும் ஆட்கள்.

சேதி கேட்டு அவன் துபாஷியிடம் போனான். "அவருக்கு வலையும் உண்டா ஐயா?"

"உண்டே." தாமோதரன் படிக்கத்தில் துப்பினார். "பின்ன எதுக்கு இந்த வழக்குனு நெனச்ச? துணியை எவன்டா மோந்து பாக்கறான்?"

சிவப்புச் சாறு அவர் உதட்டோரம் வழிந்து தாடையில் இறங்கியது. அதைப் புறங்கையால் துடைத்து, அதே கையால் அவன் தோளைத் தட்டினார். இத்தனை நாள் தருமலிங்கம் பிடித்துக் கொடுத்த கள்ளர்கள் அடுத்தவன் படத்தைப் போட்டுத் திருடினார்கள். இவர் படத்தை அழித்துத் திருடுகிறார். அழித்த உளி அவன் இடுப்பில் இருந்தது.

மறுநாள் கடற்கரையில் ஊர் கூடியது. லோகநாதனின் ஆள் அர்ஜுனன் கட்டைகளை மணலில் கொட்டினான். "மொட்டைக் கட்டை. கடல் குடுத்துச்சு, எடுத்துக்கினோம். வழக்கத்த நானா வச்சேன்?"

ஊர்த்தலைவர் துளசிங்கம் அங்காளம்மாளைப் பார்த்தார்.

தருமலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். புதுக் கட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்க உளியால் ஒரு இழுப்பு இழுத்தான். பொக்கை விழுந்த இடத்தில் மரம் வெட்டுப்படாமல், பள்ளத்தின் நடுவே மயிரிழை போல ஒரு வரப்பு நின்றது. அதை அர்ஜுனன் கொட்டிய கட்டையோடு சேர்த்துத் தலைவரிடம் நீட்டினான்.

"மொட்டைனா ஒண்ணுமே இல்லாதது. இதுல என் உளி இருக்கு. இந்தக் கடற்கரையில அங்காளம்மா கட்டையைத் தவிர வேற எதையும் நான் சுரண்டல."

துளசிங்கம் இரண்டையும் கட்டை விரலால் தடவினார்; இரண்டிலும் அதே வரப்பு. பிறகு அர்ஜுனனிடம், "கொண்டாந்து சேத்துடு," என்றார்.

துபாஷி வீட்டுக்கு இனிப் போக முடியாது. தருமலிங்கம் அங்காளம்மாள் அருகே போனான். "புது அடையாளத்துக்கு நானே அச்சு வெட்டித் தரேம்மா."

அவள் மணலில் காறித் துப்பினாள். "இன்னாத்துக்கு? நடுவுல வரப்பு, ரெண்டு பக்கம் பள்ளம். இதைத்தான் ஊரே ஒத்துக்கிச்சே. இதுவே இருக்கட்டும்."

"இது இன்னா அடையாளம்னு கேட்டா?" என்றாள் முனியம்மா.

"சுரண்டி," என்றாள் அங்காளம்மாள், அவன் முகத்தைப் பார்த்து. பெண்கள் சிரித்தார்கள்.

கூடை நிறையப் புதுக் கட்டைகளை அவள் அவன் காலடியில் கவிழ்த்தாள். "இந்தா சுரண்டி. எங்காளுங்க உளில இந்த வரப்பு வராது. ஒக்காரு."

தருமலிங்கம் அந்த எச்சிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து முதல் கட்டையை எடுத்தான்.