இரண்டாவது சாவி சாத்தியமா?

முடிவு முதலிலேயே வந்துவிட்டது, ஆய்வுதான் பாக்கி.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியின் எம்.டி. ஒரு மாநாட்டுக்குப் போனார். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். வரும்போது ‘ஒருங்கிணைந்த தகவல் அமைப்பு’ என்ற வார்த்தையோடும், அதை விற்கிற ஆளின் விசிட்டிங் கார்டோடும் வந்தார். மறுநாள் காலையிலேயே கேள்வி மேடத்துக்கு ஆள் அனுப்பினார்.

கம்பெனியில் திட்ட ஆய்வுப் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றால் அவளும் ஒரு மேஜையும், மேஜையை ஒட்டி அடுக்கியிருக்கும் காலித் தண்ணீர் கேன்களும். யார் எதைச் சொன்னாலும் “எதுக்கு?” என்று கேட்பதால் கேள்வி மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. கிண்டலாக வைத்த பெயர்தான். அவளுக்கு என்னவோ அதில் உள்ளூரப் பெருமை.

“இந்த சிஸ்டம் நமக்குச் சரிப்பட்டு வருமான்னு ஒரு சாத்தியக்கூறு ஆய்வு எழுதிக் குடுங்க” என்றார் எம்.டி. “மாசக் கடைசிக்குள்ள வேணும். ஒண்ணாம் தேதி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறோம்.”

“சரிப்பட்டு வராதுன்னு ஆய்வுல வந்துட்டா, சார்?”

எம்.டி. வாய்விட்டுச் சிரித்தார். இவளுக்கு இவ்வளவு நகைச்சுவை உணர்வு இருக்கும் என்று அவர் நினைக்கவேயில்லையாம்.

பிரச்சினை என்னவோ உண்மைதான். லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால் அது மறுபடி ஓட நாலு நாள், ஐந்து நாள் ஆகிக்கொண்டிருந்தது. மெக்கானிக் போய்ப் பார்ப்பார், உதிரிபாகம் எடுக்க ஸ்டோருக்கு வருவார், வந்தவர் அங்கேயே குடியேறிவிடுவார். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்ற தகவல் இல்லாததுதான் காரணம் என்று மாநாட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த யாரோ இந்த ஸ்டோரைப் பார்த்ததில்லை. எம்.டி.யும் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்கு இன்னொரு பக்கமிருந்தும் நெருக்கடி. அக்கா குடியிருந்தது எட்டாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட் இதே கம்பெனியின் பொறுப்பில்.

“ஆறு நாளா படி ஏறிட்டிருக்கேன். நீ அங்க என்னதான்டி வேலை பார்க்கற?” என்று போனில் பிடித்துக்கொண்டாள் அக்கா.

“ஆய்வு பண்றேன்க்கா.”

“லிஃப்டையா?”

“இல்லக்கா. லிஃப்டைச் சீக்கிரம் சரிபண்றதுக்கு ஒரு சிஸ்டம் வாங்கலாமான்னு.”

“அதுக்கு அந்தப் படிக்கட்டே தேவல” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

கேள்வி மேடம் ஒரு நோட்டும் கைக்கடிகாரமுமாக ஸ்டோருக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். நாலு நாள், காலையிலிருந்து மாலைவரை. நீல வர்ணம் பூசிய இரும்புக் கதவு, அதில் கைப்பிடியளவுக்கு ஒரு பூட்டு, வெளியே ஒரு நீளமான பெஞ்ச். பெஞ்ச் நிறைய மெக்கானிக்குகள். பூட்டுக்கு ஒரே சாவி. அது ஸ்டோர்கீப்பரின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்கியது. அவர் டீ குடிக்கப் போனால் சாவியும் டீ குடிக்கப் போனது. சாப்பிடப் போனால் சாப்பிடப் போனது. தபால் அலுவலகத்துக்கு, மேலாளர் அறைக்கு, பல் டாக்டரிடம் என்று அது போகாத இடமில்லை. மெக்கானிக்குகள் மட்டும் எங்கும் போகவில்லை.

நாலு நாள் முடிவில் அவள் கூட்டிப் பார்த்தாள். ஒரு பாகத்துக்காக ஒரு மெக்கானிக் காத்திருக்கும் நேரம் சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிஷம். கதவு திறந்தபின் ஸ்டோர்கீப்பர் பாகத்தைத் தேடி எடுத்துக் கொடுக்க ஆகும் நேரம் நாலு நிமிஷம். எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. பாகம் கைக்கு வருவதற்குள் மெக்கானிக்குக்குப் பாதி நாள் போய்விடும், வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போகும், மறுநாள் அங்கே இன்னொரு பாகம் கெட்டுப்போயிருக்கும், திரும்பவும் பெஞ்ச்.

பதினெட்டுப் பக்க அறிக்கை எழுதினாள். சிஸ்டத்தை நிறுவ முடியும். ஆனால் இந்தத் தாமதத்தை அது தீர்க்காது. முதலில் இரண்டாவது சாவி ஒன்றைப் புழக்கத்தில் விட்டு மூன்று மாதம் பார்க்கலாம், பிறகு சிஸ்டத்தைப் பற்றி யோசிக்கலாம். இதுதான் சாரம்.

கூட்டத்தில் எம்.டி., ஃபைனான்ஸ் மேனேஜர், சிஸ்டம் விற்க டை கட்டிக்கொண்டு வந்த டைக்காரர் மூவரும் இருந்தார்கள். விற்க வந்தவர் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட கேள்விகள் அவளிடம் குறைவு. அதில் அது ஒன்று.

“பதினெட்டுப் பக்கம் எழுதிட்டு, கடைசியில சாவியா?” என்றார் எம்.டி.

“சாவிக்கு பட்ஜெட்ல தலைப்பே இல்லையே” என்று கவலைப்பட்டார் ஃபைனான்ஸ் மேனேஜர். “சிஸ்டத்துக்கு இருக்கு. தவிர, இத்தனை வருஷமா ஒரே சாவியிலதானே கம்பெனி ஓடிட்டிருக்கு?”

இத்தனை வருஷமாக சிஸ்டம் இல்லாமலும்தான் ஓடியது என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

டைக்காரர் பெரிய மனதோடு குறுக்கிட்டார். “மேடம் சொன்னது அருமையான பாயின்ட் சார். அதை ‘நேரடி அணுகல் மேலாண்மை’ன்னு மூணாவது கட்டத்துல சேர்த்துக்கலாம்.”

“மூணாவது கட்டம் எப்ப வரும்?”

“ரெண்டாவது கட்டம் முடிஞ்சதும் மேடம்.”

அறிக்கையை ‘வலுப்படுத்தி’க் கொண்டுவரச் சொன்னார்கள். வலுப்படுத்துவது என்றால் ‘தீர்க்காது’ என்பதில் ஒரு ‘காது’ குறைத்து ‘கும்’ போடுவது. அவள் மாட்டேன் என்றாள். வேண்டுமானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். பெருந்தன்மையாகப் பெயரை எடுத்துவிட்டார்கள். எண்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டைக்காரரே உட்கார்ந்து எழுதியதில் அறிக்கை நூற்று நாற்பது பக்கமாகக் கொழுத்தது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்த அந்த இரண்டு மணி நாற்பது நிமிஷம் அதில் ‘சிஸ்டத்தால் மிச்சமாகும் நேரம்’ என்ற தலைப்பில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

எட்டு மாதத்தில் சிஸ்டம் வந்தது. ரிப்பன் வெட்டினார்கள். ஒவ்வொரு மெக்கானிக்கின் போனிலும் எந்தப் பாகம் எந்த அலமாரியில் எத்தனாவது தட்டில் இருக்கிறது என்று படத்தோடு தெரிந்தது. பூட்டு அப்படியே தொங்கியது. போதாக்குறைக்கு ஸ்டோர்கீப்பருக்கு வாரத்தில் இரண்டு நாள் சிஸ்டம் பயிற்சி வைத்தார்கள். அவரோடு சாவியும் பயிற்சிக்குப் போனது. காத்திருக்கும் நேரம் மூன்று மணியைத் தாண்டியது.

“முன்னாடி பாகம் இருக்கா இல்லையான்னு தெரியாம உக்காந்திருந்தோம் மேடம்” என்றார் ஒரு மூத்த மெக்கானிக், பெஞ்சில் அவளுக்கு இடம் ஒதுக்கிக்கொடுத்தபடி. “இப்ப இருக்குன்னு தெரிஞ்சுகிட்டே உக்காந்திருக்கோம். முன்னேற்றம்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், மனசுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்றுகூட இருந்தது. நான்தான் அப்போதே சொன்னேனே! அந்தச் சுகத்தை இரண்டு வாரம் ரசித்து அனுபவித்தாள். அக்காவின் லிஃப்ட் மறுபடி நின்றபோதுதான் அதற்கு ஆப்பு விழுந்தது.

“‘உங்கள் பாகம் தயார்’னு உங்க சிஸ்டத்துலேர்ந்து மூணு நாளா மெசேஜ் வருதுடி. தயாரா இருக்கிறது மாடி ஏறி வருமா?”

“நான் அப்பவே சொன்னேன்க்கா. யாரும் கேக்கல. அறிக்கையில தெளிவா எழுதினேன்.”

“நீ சொன்னது சரிதான், யாரு இல்லேன்னா? நடந்துச்சா?” மூச்சு வாங்கியது அக்காவுக்கு, படியில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. “சரியாச் சொன்னோம்கிறதோட உன் வேலை முடிஞ்சிடுச்சாடி?”

சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டு அவள் நேராக ஸ்டோருக்கு நடந்தாள். இந்த முறை நோட்டும் இல்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

“ரெண்டாவது சாவி இருந்தா உங்களுக்கு என்ன கஷ்டம் சார்?”

ஸ்டோர்கீப்பர் அவளையே பார்த்தார். “நாலு நாள் எதிர்லயே உக்காந்து என்னை எழுதினீங்க. இதை அப்ப கேட்டிருக்கலாமேம்மா” என்றார்.

கேள்வி மேடம் பெஞ்ச் ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

அவர் சொன்னார். முன்பு இரண்டு சாவி இருந்ததாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் சுருள் காணாமல் போனது. மூன்று மாதம் விசாரணை. இரண்டு சாவி இருந்தும் சந்தேகம் அவர் ஒருவர்மேல்தான் விழுந்தது. வீட்டுக்குக்கூட ஆள் வந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்களாம். “என் பொண்ணு அப்ப பத்தாவது படிச்சிட்டிருந்தா. அவ எதிர்லயே பார்த்தாங்கம்மா. அன்னைக்கு இதைக் கழுத்துல மாட்டினவன்தான். ஒரே சாவின்னா, போனா நான்தான் எடுத்தேன்னு தெரிஞ்சுடும். நான் எடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும், அதனால எதுவும் போகாது. மத்தவங்க கையில ஒண்ணு இருந்தா, எதைச் சொல்லித் தப்பிக்கறது?”

“யாரு எதை எடுத்தாங்கன்னு பேரோட, நேரத்தோட பதிவாச்சுன்னா?”

“அப்படிப் பதிவாகுமா?”

பதிவாகும். டைக்காரரின் சிஸ்டத்தில் அந்த வசதி கடைசிப் பட்டியலில் கடைசி வரியாகக் கிடந்தது. நூற்று நாற்பது பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுடைய பதினெட்டிலும் இல்லை. சிஸ்டத்தைத் திட்டுவதில் அவ்வளவு மும்முரமாக இருந்தவள் அதை முழுசாகத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. சிஸ்டத்தின் பராமரிப்புக்காகப் பையில் மடிக்கணினியோடு வந்துபோகும் இன்ஜினியர் கால் மணி நேரத்தில் அதை இயக்கிக் கொடுத்தார். மெக்கானிக் தன் அடையாள அட்டையைக் காட்டினால்தான் பாகம் வெளியே போகும். மாலையில் பட்டியல் அச்சாகும். ஸ்டோர்கீப்பர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அதற்குச் சம்மதித்தார்.

சாவி செய்யவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பழைய இரண்டாவது சாவி நிர்வாகப் பிரிவு அலமாரியில், சீல் வைத்த உறைக்குள் எட்டு வருஷமாகப் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வாங்கும் சீட்டில் ‘காரணம்’ என்ற இடத்தில், “திட்டத்தின் மூன்றாவது கட்டம்: நேரடி அணுகல் மேலாண்மை” என்று எழுதினாள். குமாஸ்தா மரியாதையாக எழுந்து நின்று எடுத்துக்கொடுத்தார். மெக்கானிக்குகள் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி அதைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் காத்திருக்கும் நேரம் இருபது நிமிஷத்துக்குக் கீழே வந்தது. பெஞ்ச் காலியானதும் யாரோ அதை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவின் லிஃப்ட் சாவி வெளியே வந்த அன்றைக்கே ஓடிவிட்டது. நன்றி சொல்லி ஒரு போனும் வரவில்லை. லிஃப்ட் ஓடுவதற்கெல்லாம் யார் நன்றி சொல்வார்கள்?

“பார்த்தீங்களா, சிஸ்டம் வேலை செய்யுது!” என்று எம்.டி. பூரித்துப் போனார். டைக்காரர் அடுத்த மாநாட்டில் இந்தக் கம்பெனியைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். அவளை ஒரு மதிப்பீட்டு அறிக்கை எழுதச் சொன்னார்கள். ஆறே பக்கம் எழுதினாள். சாவியால் எவ்வளவு, பதிவால் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினாள். ஐந்தாவது பக்கத்தில், “முதல் ஆய்வில் ஸ்டோர்கீப்பரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. இது ஆய்வாளரின் தவறு” என்று எழுதித் தன் பெயரையும் போட்டாள். முதல் பக்கத்து வரைபடத்தில் கோடு கீழே இறங்குவதைப் பார்த்ததுமே எம்.டி. “பிரமாதம்” என்று மூடிவைத்துவிட்டதால், ஐந்தாவது பக்கம் இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஸ்டோர்கீப்பர் மகளைப் பார்க்க வெளியூர் கிளம்பினார். எட்டு வருஷத்தில் அவர் எடுக்கும் முதல் விடுப்பு, இரண்டு நாள். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவளுக்குப் போன் வந்தது.

“எல்லாம் சரியா நடக்குதாம்மா?”

“நல்லா நடக்குது சார். ஒரு குறையும் இல்ல. நிம்மதியா இருந்துட்டு வாங்க.”

“ஒண்ணுமே குழப்பம் இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல சார்.”

“அப்படியா” என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.