இடமிருந்து வலம் ஒன்பது

அவள் மேசைக்கு முப்பத்தேழு கடிதங்கள் வந்திருந்தன. முப்பத்தேழும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: ‘ழுதவு’ என்றால் என்ன?

அந்த வார இதழின் மெய்ப்புத் திருத்துநர் அவள்தான். குறுக்கெழுத்துப் புதிரையும் பன்னிரண்டு வருடங்களாக அவளே அமைத்து வந்ததால் அலுவலகத்தில் எல்லோருக்கும் புதிரக்கா. இத்தனை வருடத்தில் ஒரு கட்டம் பிசகியதில்லை. வாசகர்களில் ஒருவர் எழுதியிருந்தார்: “உங்கள் புதிரில் மரம் ‘மரது’ ஆகிவிட்டது. எங்கள் தெருவில் அது இன்னும் மரமாகத்தான் நிற்கிறது. புதிர் போடுகிறவருக்குத் தமிழ் தெரியுமா?”

அதைப் படித்ததும் அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

அந்த வாரப் புதிரைத் ‘தலை’ என்ற ஒரே சொல்லைச் சுற்றிக் கட்டியிருந்தாள். தலைவலி, தலையணை, தலைவாசல், தலைமுறை என்று இடமிருந்து வலம் எல்லா விடைகளும் தலையில்தான் தொடங்கும். ஒன்பதாவது குறிப்பு: ‘பட்டம் வாங்கினால் சிலருக்கு ஏறுவது (6).’ விடை, தலைக்கனம். அச்சில் வந்ததோ, ‘யாராலும் அழிக்க முடியாதது (6).’ விடை, தலையெழுத்து. இரண்டும் ஆறு கட்டம்தான். ஆனால் அந்த நான்காவது கட்டத்திலிருந்துதான் ‘கதவு’ கீழே இறங்குகிறது. ஆறாவதில்தான் ‘மரம்’ வந்து முடிகிறது.

பக்கம் வடிவமைப்பவரைப் பிடித்து உலுக்கினாள்.

“நான் என்னக்கா பண்றது? நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போன அப்புறம் ஆசிரியரே வந்து நின்னாரு. ஆறுக்கு ஆறு சரியாத்தானே இருக்கு, மாத்துன்னாரு.”

“குறுக்கே போறது தெரியுது, கீழே இறங்குறது தெரியலையா? கண்ணு ரெண்டும் எதுக்கு வச்சிருக்கீங்க, கண்ணாடி மாட்டவா?”

போன மாதம்தான் ஆசிரியருக்கு எங்கோ ஒரு கௌரவ முனைவர் பட்டம் கொடுத்திருந்தார்கள். அறை வாசலில் புதுப் பெயர்ப்பலகை பளபளத்தது. சத்தியமாக அவரை நினைத்து அவள் அந்தக் குறிப்பை எழுதவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று அவராகவே வந்து சொன்னால் யாரால் என்ன செய்ய முடியும்?

மத்தியானம் அடுத்த இதழின் பக்கம் மேசைக்கு வந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்கு இறங்காது. அது அங்கே எழுதாத சட்டம். மூலையில் ஒரு சிறு கட்டம்: ‘சென்ற இதழ்ப் புதிரில் அமைத்தவரின் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது. வருந்துகிறோம்.’

பக்கத்தைச் சுருட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை.

“இது யாரோட கவனக்குறைவு சார்?”

“உட்காருங்கம்மா. சின்ன விஷயம். யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லித்தானே ஆகணும்?”

“அப்ப உங்க பேரைச் சொல்லுங்க.”

“ஆசிரியர் தப்புப் பண்ணாருன்னு பத்திரிகையிலேயே போடறதா? சிரிப்பாங்க.”

“என்னைப் பார்த்து இப்பவே சிரிக்கிறாங்க சார். முப்பத்தேழு பேர்.”

அவர் பெருமூச்சு விட்டார். “சரி, ‘ஆசிரியர் குழுவின் கவனக்குறைவால்’னு போட்டுடலாம். போதுமா?”

“குழுவா? பேனாவைப் பிடிச்சது ஒரு கை. அதுல நாங்க எத்தனை பேர் தொங்கிட்டு இருந்தோம்?”

“கையெழுத்துப் போடுங்கம்மா. அச்சகத்துல காத்திருக்காங்க.”

“பொய்க்கு நான் மெய்ப்புப் பார்க்கறதில்லை.”

ஆசிரியர் முகம் கறுத்தது. பக்கத்தைப் பிடுங்கி அந்தக் கட்டத்தைச் சிவப்பால் அடித்தார். “வருத்தமும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். தைல விளம்பரம் ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க. இப்ப பொய் இல்லையே? போடுங்க கையெழுத்தை.”

விளம்பரத்தில் பிழை இல்லை. போட்டாள்.

மேசைக்குத் திரும்பியதும் பையிலிருந்து தன் சொந்தக் காசில் வாங்கிய அஞ்சலட்டைக் கட்டை எடுத்தாள். கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் முகவரி இருந்தது.

‘அன்புடையீர், இடமிருந்து வலம் ஒன்பதுக்கு நான் வைத்த விடை தலைக்கனம். என்னைக் கேட்காமல் அதை மாற்றியவர் ஆசிரியர். தங்கள் கதவும் மரமும் சரியே.’ கீழே, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, தன் முழுப் பெயரை எழுதினாள்.

ஆறு மணிக்குக் கிளம்பிய ஆசிரியர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஓர் அட்டையைப் படித்தார்.

“வேலையை விட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“அதை நீங்க முடிவு பண்ணுங்க சார். வெளிச்சத்தை மறைக்காதீங்க, இன்னும் இருபத்தொன்பது எழுதணும்.”