டம்ளருக்கு அடியில்

காலை ஆறு மணிக்கு, கண்ணாடி டம்ளரில் கால்வாசி மருந்தை ஊற்றிப் பழைய செய்தித்தாளின் மேல் வைத்தேன். அடியில் இருந்த எழுத்து தெரியவில்லை. வெறும் பால்.

காக்களூர் தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்ன மருந்துக் கம்பெனி. கீழாநெல்லிச் சத்தைச் சோயாக் கொழுப்புக்குள் பொதிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்குகிறோம். சும்மா குடித்தால் பெரும்பாலும் வயிற்றோடு வீணாகிவிடும் சத்து, இப்படிப் போனால் ஈரல் வரை போய்ச் சேரும் என்பது ஆராய்ச்சிக்காரர்களின் கணக்கு. ஹோமோஜெனைசர் என்ற எந்திரம் அதை அழுத்திப் பிதுக்கும். மூன்று தடவை ஓட்ட வேண்டும். துகளை அளக்கும் கருவி சென்னையில் இருக்கிறது, எங்களுக்கு டம்ளர்தான். துகள் பொடிந்துவிட்டால் பால் நிறம் போய் லேசான நீலம் வரும், எழுத்தைப் படிக்கலாம்.

அன்று விடியற்காலை மூன்றாவது தடவை ஓடும்போது கரண்ட் போனது. 2008இல் அது செய்தியே இல்லை. ஜெனரேட்டர் வருவதற்குள் அழுத்தம் இறங்கி, பிதுங்காத பால் பிதுங்கியதோடு கலந்துவிட்டது. சூப்பர்வைசர் துளசிராமன் வேலை அட்டையில் மூன்று தடவை ஓட்டியதாக எழுதிவிட்டார். ஓட்டியவன் கையெழுத்து மட்டும் பாக்கி. என்னுடையது.

"போடுப்பா காலேஜு. ஏழு மணிக்கு வேன் வந்துரும்."

கெமிஸ்ட்ரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன் என்பதால் எனக்கு அந்தப் பெயர்.

"இது மூணு இல்ல சார். ரெண்டரை. இன்னொரு தபா ஓட்டணும்."

"ஓட்டுனா ஒரு மணி நேரம். வேன் நிக்காது. எலிக்குத்தான போவுது, இன்னாத்துக்கு இவ்ளோ பில்டப்பு?"

வேன் மருந்தை எடுத்துப்போகும் சென்னை ஆய்வகத்தில், அந்த எலிகளுக்குப் பன்னிரண்டு வாரமாக நெய்யும் சர்க்கரையும் கொடுத்து ஈரலில் கொழுப்பேற்றி வைத்திருந்தார்கள். இன்று மருந்து தொடங்க வேண்டும். இந்தப் பாலைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

பக்கத்தில் டிரம் கழுவிக்கொண்டிருந்த அஹ்சன் சிரித்தான். "எலிக்கு நெய்யி. நமக்குக் கேண்டீன்ல பாமாயிலு. ரெண்டு பேருக்கும் அதே ஈரலு."

போன மாதம் ஸ்கேனில் அவனுக்குக் கொழுப்பு ஈரல் என்று வந்திருந்தது. சாராயத்தைத் தொட்டதே இல்லை. "ஊட்ல நம்பவே மாட்டறாங்க பென்னி. எங்க போய்க் குடிச்சேன்னு மாமி கேக்குறாங்க."

நான் பேனாவை மூடினேன்.

"கையெழுத்து போட மாட்டேன் சார்."

"டிகிரி முடிக்காதவனுக்கு இன்னா திமிரு."

"ஆமா சார். ஆனா ஓட்டுனது நான்."

 அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், வேன்காரனிடம் பேசவா முதலாளியிடம் பேசவா தெரியாது. சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எந்திரத்தைப் போட்டேன். தரை அதிர்ந்தது. அழுத்தமானியின் முள் ஏறும்வரை பார்த்து நின்றேன். படிப்பில் எதையும் நான் முடித்ததில்லை. இதை முடிக்க முடியும்.

ஏழு தாண்டிவிட்டது. கேட்டில் ஹாரன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஓட்டி முடித்ததை டம்ளரில் ஊற்றி அதே செய்தித்தாளின் மேல் வைத்தேன். அஹ்சன் குனிந்து டம்ளருக்குள் பார்த்தான். ஓரத்தில் நீலம். எழுத்துக் கூட்டிப் படித்தான்: "திருவள்ளூர்... அருகே... வீட்டுமனை... விற்பனைக்கு."

அதற்குக் கீழே இன்னும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் படிக்கச் சொன்னேன்.