துரத்தப்படாத இரண்டு

என் மகள் போன பிறகு நான் எடுத்த முதல் வகுப்பு அது. அவளும் அந்த வகுப்பில்தான் படித்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருங்களேன்" என்றாள் மனைவி. இருந்து என்ன செய்ய? ஆளுக்கோர் அறையில் உட்கார்ந்து அழவா? தலைமையாசிரியையிடம் போய், என்னால் முடியும் என்று சொன்னேன்.

"இன்னைக்கு ஒரு பாடம் எடுத்துப் பாருங்க சார். முடியலன்னா அந்த வகுப்ப வேற யாருக்காவது மாத்திடறேன்" என்றார் அவர். மாற்றுவாராம்! அவள் உட்கார்ந்திருந்த வகுப்பையும் விட்டுக்கொடுத்தால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

உள்ளே போனால், குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. எனக்கு எரிச்சல் வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தால் கணக்கு எப்படி மண்டையில் ஏறும்? ஜன்னலோர பெஞ்சில் அவள் இடத்தை விட்டுவிட்டு, மற்ற மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கரும்பலகைக்குத் திரும்பினேன்.

சைனும் கொசைனும் கலந்த சமன்பாடு. சைன் வர்க்கம் இருக்கும் இடத்தில், ஒன்றிலிருந்து கொசைன் வர்க்கத்தைக் கழித்துப் போட்டேன். எல்லாம் கொசைனாகிவிட்டது. கொசைனை 'ஒய்' என்று வைத்துக்கொண்டால், போன வருடமே படித்த இருபடிச் சமன்பாடு. காரணிப்படுத்தினேன். "ரெண்டு மூலம்" என்றேன். மூலம் என்றாலே கடைசி பெஞ்சில் ஒரு கெக்கெக்கே எழும். அன்று அதுவும் இல்லை.

ஒன்று அரை. இன்னொன்று இரண்டு.

இங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொசைன் ஒன்றைத் தாண்டாது. தாண்டி வந்த மூலத்தை வகுப்பே சேர்ந்து, "வெளிய போ!" என்று கத்தித் துரத்த வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சண்டைக்கு வரும் அளவுக்குக் கத்துவார்கள். என் வாலு மட்டும் கத்த மாட்டாள்.

"பாவம்ப்பா. அதுவும் கஷ்டப்பட்டு வந்ததுதானே?"

"வகுப்புல அப்பான்னு கூப்பிடாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

"சரி, சார்ப்பா."

போன மாதம், இந்தப் பாடத்தை ஆரம்பித்த அன்றுகூட அப்படித்தான் சொன்னாள்.

"ரெண்டுல எது போகணும்?" என்று கேட்டேன். "சொல்லுங்க! வாய்ல பூட்டா போட்டிருக்கு?"

என்னைப் பார்த்துக்கொண்டு "வெளிய போ" என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு மனசு வரவில்லை. அது புரிந்தது. சரி, அந்த இரண்டை நானே அடித்துவிடலாம் என்று சாக்பீஸைத் தூக்கினேன். ஒரு கோடு, அவ்வளவுதான். ஆயிரம் தடவை போட்ட கோடு. போட முடியவில்லை.

இரண்டையும் விடை என்று எழுதி, அடியில் கோடிழுத்தேன்.

திரும்பினால், எல்லாத் தலையும் குனிந்திருந்தது. எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கழித்தல் குறியை விட்டால்கூட எழுந்து நின்று மானத்தை வாங்கும் முதல் பெஞ்சுப் பெண்ணும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எழுதாதம்மா" என்றேன். "அது தப்பு."

"தெரியும் சார்" என்றாள். நிமிரவில்லை. எழுதுவதையும் நிறுத்தவில்லை.

மேசையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் முன்னாலேயே அழுதேன். மணி அடித்ததும் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய், வகுப்பை வேறு யாருக்காவது மாற்றிவிடச் சொன்னேன்.

"பிள்ளைங்க ஏதாவது தொந்தரவு பண்ணாங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றேன். "பண்ணியிருந்தா எடுத்திருப்பேன்."